மச்சானும் ஒரு மடக்குத் தண்ணியும்

மார்ச் 3, செவ்வாய்

இது நகைக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமை ஒன்றும் ஒத்துவரவில்லை. அடித்துவிட்டு எழுதுகிறேன். பெனிட்டா மேடம் எழுதச் சொன்னாங்க. மதுரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு முழுங்கப் பழக்கிவிடுகிற மேடம். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

"என்ன குடிச்சார், இருமினாரா, காய்ச்சல் உண்டா, அது போதும்மா. தினம் ரெண்டு வரி."

நான் அஞ்சாவதோடு நின்றவள். ரெண்டு வரியில் நிறுத்துவது படித்தவங்க வேலை.

இந்த டைரிக்கு எங்க ஆளைத் தெரியாது இல்லையா, அறிமுகப்படுத்துகிறேன். பெயர் சீனிச்சாமி. என் அத்தை மகன், அதனால் மச்சான். எனக்குத் தாலி கட்டினவர், அதனாலும் மச்சான். அருப்புக்கோட்டையில் தண்ணி லாரி ஓட்டினார். தை மாசம் ஒருநாள் லாரியை விட்டு இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டதாம். கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. வாய் குழறினாலும் என்னைத் திட்டும் அளவுக்குப் பேச்சும் வந்துவிட்டது. முழுங்குவது மட்டும் வரவில்லை. தெருத்தெருவாய்த் தண்ணி ஊற்றினவருக்கு ஒரு மடக்குத் தண்ணி உள்ளே போகமாட்டேன் என்கிறது. நான் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்று ஓடுகிற எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து கலந்த தண்ணியைக் குடிக்கச் சொல்லி, அது தொண்டைக்குள் போகும் வழியைச் சினிமா மாதிரித் திரையில் பார்க்கிறார்கள். பக்கத்தில் யுகேந்திரன் என்று கண்ணாடி போட்ட ஒரு தம்பி. இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறாராம். உயிருள்ள உடம்புக்குள்ளே தண்ணி, ரத்தம், எச்சில் எல்லாம் எப்படி ஓடுகிறது என்பதுதான் படிப்பாம்.

"குழாய் ரிப்பேருக்கு இவ்வளவு பெரிய படிப்பா தம்பி?" என்றேன்.

"வீட்டுக் குழாய் சும்மா கிடக்கும்மா. இந்தக் குழாய் சுருங்குது, விரியுது, மேல ஏறுது, திடீர்னு மூடுது. கணக்குப் போட்டா தலை சுத்துது."

"அப்ப எங்க மச்சான் ரிப்பேரான குழாய்."

"எல்லாருமே குழாய்தாம்மா. இவருக்கு ஒரு மூடி லேட்டா மூடுது, அவ்வளவுதான்."

எனக்கு அந்தத் தம்பியைப் பிடித்துவிட்டது.

திரையில் தண்ணி கறுப்பாய்த் தெரிந்தது. நாக்குக்குப் பின்னால் வழிந்து இறங்கி, ரெண்டு பாதை பிரிகிற இடத்தில் கொஞ்சம் முன்பக்கமாய் நழுவியது. முன்பக்கம் போவது நுரையீரலுக்கு. பின்பக்கம்தான் வயிற்றுக்கு. மச்சான் இருமவே இல்லை.

"நல்லவேளை, இருமல் இல்ல" என்றேன்.

"இருமாததுதாம்மா எனக்குப் பயம்" என்றாங்க மேடம். "இருமினா உடம்பு அதை வெளிய தள்ளுதுன்னு அர்த்தம். இவருக்குத் தப்பான வழியில போறதே தெரியல."

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மறுபடியும் படம். அதுவரை எல்லாமே கெட்டியாகக் கொடுக்கணும். தண்ணியில்கூட ஒரு பவுடரைப் போட்டுக் கெட்டியாக்கணும். அன்றைக்குப் படத்தில் சரியாக இருந்தால் தண்ணி குடிக்கலாம். இல்லாவிட்டால், இல்லை நடுவில் தண்ணி நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டிவிட்டால், வயிற்றில் துளை போட்டு ட்யூப்.

பஸ்ஸில் மச்சானைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்.

"ட்யூப் வச்சாலும் நல்லதுதான் மச்சான். எஞ் சமையலைக் குறை சொல்ல நாக்குக்கு வேலை இருக்காது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 4, புதன்

பவுடர் டப்பாவுக்குள் ஒரு குட்டிக் கரண்டி கிடந்தது. தூக்கிப் போட்டேன். நான் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். பதம் பார்க்க எனக்குக் கரண்டியா? கண்ணாலேயே போட்டுக் கலக்கினேன்.

மச்சான் ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்த்தார். தண்ணி விழவில்லை.

"போஸ்டர் ஒட்டலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சொன்ன முதல் கேலி இது. இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

மேடத்திடம் போனில் பெருமையாகச் சொன்னேன், ஸ்பூனைக் கவிழ்த்தாலும் விழாது என்று.

"அழகுத்தாய் அம்மா, அவ்வளவு கெட்டியா கொடுத்தா தொண்டையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அவர் மூச்சு இழுக்கும்போது மெதுவா நழுவி உள்ள போகும். அதுவும் ஆபத்துதான்."

கரண்டியைக் குப்பையில் தேடி எடுத்துக் கழுவினேன். ஊசியில்லாத சிரிஞ்சில் கலக்கின தண்ணியை ஊற்றி, அடியில் வைத்த விரலை எடுத்துவிட்டு, எவ்வளவு வேகமாய் ஒழுகுகிறது என்று பார்த்துக் கொடுக்கச் சொன்னாங்க. தெருவே என் மாவுப் பதத்தைப் புகழும். சிரிஞ்சு புகழவில்லை.

மார்ச் 7, சனி

இன்னொரு பாடமும் இருக்கிறது. நிமிர்ந்து உட்காரணும். டம்ளரில் வாய் வைக்கணும். நாடி நெஞ்சைத் தொடுகிற மாதிரித் தலையைக் குனிந்து, கொஞ்சமாய் உறிஞ்சி, அழுத்தி முழுங்கணும். குனிந்தால் மூச்சுக்குழாய் வாசல் ஒடுங்கிவிடுமாம்.

இதில்தான் வந்தது வினை. மச்சான் பிறந்ததிலிருந்து எந்த டம்ளரிலும் வாய் வைத்தது கிடையாது. தண்ணியை மட்டும் இல்லை, ஆவி பறக்கிற டீயையும் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார். அவங்க வீட்டுப் பழக்கம் அது. எங்க வீட்டில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கிறவங்க. கல்யாணமான மறுநாள் நான் சொம்பில் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தார். அன்றிலிருந்து நானும் அண்ணாந்தேதான்.

"வாய் வச்சா எச்சி" என்றார் இன்றைக்கும்.

"உங்க எச்சி, உங்க டம்ளரு, உங்க வாய். யாருக்கு என்ன நட்டம்?"

"பழக்கமில்ல."

"தலையையாவது குனிங்க."

"ஆம்பள தலையக் குனிஞ்சு தண்ணி குடிக்கணுமா?"

"நீங்க தாலி கட்டையில நான் குனிஞ்சேன்ல? இத்தன வருசம் கழிச்சு உங்க முறை வந்திருக்கு."

முறைத்தார். டம்ளரைத் தொடவில்லை. ஸ்பூனில் கொடுத்ததைத் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டார்.

மார்ச் 10, செவ்வாய்

கெட்டித் தண்ணி, கெட்டி மோர், கெட்டி ரசம். ரசத்தைக் கெட்டியாக்கினால் அது ரசமே இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ரெண்டு பேரும் யோசித்தோம். சிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

எனக்கு டீ பிடிக்காமல் போய்விட்டது. காலையில் எழுந்ததும் அடுப்பில் பால் வைக்கிறவள் நான். இப்போது அந்த வாசமே வேண்டாம் என்றிருக்கிறது. வயசாகிறது போல.

பொள்ளாச்சியிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அம்மா, நீ ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றாள். என் உடம்பைப் பார்த்தால் ஊரே சாப்பாட்டை நிறுத்திவிடும் என்று சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

என் கைப்பக்குவம் வேலை செய்கிறது. மத்தியானம் நான் கடைகளுக்கு மாவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மச்சான் முகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. இன்று எம்.ஜி.ஆர். காலத்து மெட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. வெயில் அப்படி.

இருமல் இல்லை.

மார்ச் 18, புதன்

அடுப்படியில் குடத்துக்குப் பக்கத்தில் ஈரம். பூனை வருகிறது என்று நினைக்கிறேன். சொம்பைக்கூட இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிற பூனை.

மார்ச் 21, சனி

காய்ச்சல்.

மார்ச் 23, திங்கள்

மதுரையில் இருக்கிறோம். வலது பக்க நுரையீரலில் தண்ணி போய்ச் சளி கட்டியிருக்கிறது. கையில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள். மூச்சு விடும்போது, சல்லடையில் ரவை சலிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

மேடம் இந்த டைரியை வாங்கிப் பார்த்தாங்க. பதினெட்டாம் தேதியில் விரலை வைத்தாங்க. பிறகு மச்சான் கட்டிலில் உட்கார்ந்தாங்க.

"அய்யா, பூனை எத்தன நாளா தண்ணி குடிக்குது?"

மச்சான் மோட்டுவளையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"தப்பா ஒண்ணும் செய்யல மேடம். நாக்குலயே படாம குடிச்சேன். அண்ணாந்து, உசரத்துலருந்து, நேரா. நேரா விட்டா நேரா வயித்துலதான விழும்?"

"யார் சொன்னா?"

"லாரித் தண்ணி தொட்டிக்குள்ள அப்படித்தான் விழுது. ஓஸ் குழாயைச் சாச்சுப் பிடிச்சாத்தான் வெளிய சிந்தும்."

யுகேந்திரன் தம்பியும் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"அய்யா, உங்க தொட்டிக்கு வாய் ஒண்ணுதான். இங்க ரெண்டு இருக்கு. முன்னால இருக்கிறது மூச்சுக்கு. அண்ணாந்தீங்கன்னா அந்த வாய் நல்லா திறந்துக்கும். மூடி மூடுறதுக்கு முன்னாடி தண்ணி வந்துரும். நீங்க அங்கதான் நேரா ஓஸைப் பிடிச்சிருக்கீங்க."

மச்சான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சின்ன வயசிலிருந்து எச்சில் படாமல் சுத்தமாய்க் குடித்துப் பழகின மனுஷன். அந்தச் சுத்தமே இப்படிச் செய்யும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

பெரிய டாக்டர் வந்தார். ட்யூப்பை இப்போதே வைத்துவிடலாமா என்று கேட்டார். மேடம்தான், "ஒம்பதாம் தேதி வரைக்கும் எனக்குக் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்கினாங்க.

மார்ச் 26, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். எழுத ஒன்றும் இல்லை. மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். வாங்கின எல்லோரும் திரும்ப வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

மார்ச் 27, வெள்ளி

குடத்தைக் கொல்லையில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். மச்சான் சாவியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"பொக்கிஷம் காக்கிற பூதம்" என்றார்.

"ஆமா. பக்கத்துல வந்தா அறைவேன்."

இன்று அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். டம்ளரை மட்டும் தொடமாட்டேன் என்கிறார். இன்னும் ஸ்பூன்தான்.

மார்ச் 31, செவ்வாய்

எனக்கு நீர்க்கடுப்பு. பங்குனி வெயில். எல்லோருக்கும் வருவதுதான். ஒன்றுக்குப் போய் வருவதற்குள் ஊரில் இருக்கிற சாமியெல்லாம் கண்ணில் தெரிகிறது.

ஏப்ரல் 1, புதன்

தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். மச்சானைத் தனியாக விட மனசில்லாமல் கூடக் கூட்டிப் போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"குடிப்பேன் டாக்டர், வேலை மும்முரத்துல கொஞ்சம் மறந்துபோகும்."

"கொஞ்சமா? நாக்கு காஞ்சு கிடக்கு."

மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. மச்சான் வீட்டுக்குள் வந்ததும் கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?"

"குடத்தை உள்ள கொண்டா. நீ தண்ணி குடிச்சு நான் பாத்து எத்தன நாளாச்சு? டீயும் போடுறதில்ல."

"டீ எனக்குப் பிடிக்கல மச்சான்."

"யார்ட்ட சொல்லுற?"

"நீங்க அப்படிப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா யாருக்குத்தான் தொண்டையில எறங்கும்? வெளிய எங்கயாவது குடிச்சிக்கிறேன்."

"வெளியவும் குடிக்கல. டாக்டரு சொல்லிட்டாங்க."

நான் சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. குடத்தைக் கொண்டுவந்தேன். அவரே தட்டுத்தடுமாறி ஒரு டம்ளர் மொண்டார். பாதி தரையில் போனது.

"குடி."

அண்ணாந்தேன்.

"அப்படி இல்ல. வாய் வச்சு. உங்க வீட்டுல குடிப்பீல்ல, அப்படிக் குடி."

குடித்தேன். முழு டம்ளரும். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்குவதைப் பார்க்க ஓடுகிற எக்ஸ்ரே தேவையில்லை போல.

"எனக்குக் கலக்கு" என்றார். "இதுலயே ஊத்து."

"கழுவிட்டு வாரேன்."

"கழுவ வேண்டாம்."

கரண்டியால் அளந்து, சிரிஞ்சில் ஒழுகவிட்டுப் பார்த்து, அந்த டம்ளரிலேயே ஊற்றினேன். விளிம்பில் வாயை வைத்தார். தலையைக் குனிந்தார். உறிஞ்சுகிற சத்தம் பெரிசாகக் கேட்டது. முழுங்கினார். சொல்லிக் கொடுத்தபடி இன்னொரு தரம் சும்மாவும் முழுங்கினார்.

எனக்குக் கிண்டல் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 4, சனி

இப்போதெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான். நான் தண்ணி, அவர் கெட்டித் தண்ணி. "குனி, உறிஞ்சு, அழுத்து, இன்னொருக்கா" என்று டிரில் மாஸ்டர் மாதிரி நான் கத்த, பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னடி, புருசன் பொண்டாட்டி பிரார்த்தனையா?" என்றாள்.

"ஆமாக்கா. வருண பகவானுக்கு."

காலை டீயும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. வயசு குறைகிறது போல.

ஏப்ரல் 8, புதன்

காய்ச்சல் இல்லை. நாளைக்கு மதுரை. மச்சானுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தேன். "படம் எடுக்கிறது தொண்டைக்கு, சட்டைக்கு இல்ல" என்றார். தூக்கம் வரவில்லை என்று அரிசி புடைக்கிறேன். புடைத்த அரிசிதான், மறுபடியும் புடைக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க எனக்கு ஈயச் சட்டை மாட்டிவிட்டு உள்ளே நிற்க விட்டார்கள். ஒரு மூட்டை பச்சரிசியைத் தோளில் போட்டது போல இருந்தது.

முதலில் கெட்டித் தண்ணி. குனிந்து குடித்தார். சரியாகப் போனது. அடுத்து, தண்ணி மாதிரியே தண்ணியாக, காகிதக் கப்பில். மேடம் கையில் கொடுத்தாங்க.

மச்சான் கப்பைப் பார்த்தார். கைக்கு வந்து எத்தனையோ நாளான அசல் தண்ணி. கை தானாக மேலே போனது. தலையும் கூடவே அண்ணாந்தது.

"அய்யா, குனிங்க" என்றாங்க மேடம்.

தலை குனியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பயந்தால் உடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

மேஜையில் ஒரு காலி கப் இருந்தது. எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

"மச்சான், என்னையப் பாருங்க."

பார்த்தார். காலிக் கப்பில் வாய் வைத்தேன். நாடி நெஞ்சில் படக் குனிந்தேன். ஈயச் சட்டை கழுத்தில் குத்தியது. உறிஞ்சினேன். ஒன்றும் இல்லாததை முழுங்கினேன்.

அவர் கப்பை உதட்டுக்கு இறக்கினார். குனிந்தார்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல்வளை மேலே ஏறியது, நின்றது, இறங்கியது. அப்புறம் யுகேந்திரன் தம்பி, "அம்மா, இங்க வாங்க" என்றார்.

மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். கறுப்புத் தண்ணி நாக்கின் மேல் வந்து நின்றது. பிரிகிற இடத்துக்கு வருவதற்குள் அந்த மூடி மடங்கி விழுந்தது. தண்ணி அதன் ரெண்டு பக்கமும் வழிந்து, பின்னால் ஒன்றுசேர்ந்து, ஒரே கோடாய்க் கீழே போனது. முன்பக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றேன். போட்டார். இன்னொருக்கா கேட்டேன். அதற்கும் போட்டார்.

மேடம் நாலு தடவை குடிக்க வைத்துப் பார்த்தாங்க. நாலும் சரி.

"ட்யூப் வேண்டாம்" என்றாங்க. "தண்ணி குடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா, நிமிர்ந்து உக்காந்து, குனிஞ்சு."

"எப்பவாவது ஒரு தரம் அண்ணாந்து?" என்றார் மச்சான்.

"அய்யா."

"சும்மா கேட்டேன் மேடம்."

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தண்ணி பாட்டில் வாங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் மச்சான் பாட்டில் வாயில் வாய் வைத்து, தலையைக் குனிந்து, ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு மடக்கு. எதிர் பெஞ்சுக்காரர் இந்த ஆளுக்குக் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்திருப்பார்.

"எப்படி மச்சான் இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கிக் குடித்தேனா, புரையேறிவிட்டது. மூக்கு, கண் எல்லாம் தண்ணி. இருமி இருமி மூச்சே போய்விட்டது. மச்சான் எட்டி என் உச்சந்தலையில் தட்டினார்.

"யாரோ உன்னைய நெனைக்கிறாங்க."

"என்னைய யாரு நெனைக்கப்போறா, மாவுக்கு உப்பில்லைன்னு சொன்னவங்களா இருக்கும்."

"பக்கத்துல இருக்கிறவன் நெனைச்சாலும் புரையேறும்" என்றார். பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தட்டின கையை எடுக்காமலே சொன்னார்: "குனிஞ்சு குடிக்கத் தெரியாதா உனக்கு?"